ஸ்ட்ரெச்சரின் பின்பக்கம்

அண்ணா,

இன்று காலை எடைமேடை அறையில் முதல் லாரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் செல்வி வந்தாள். வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸை நம் கேட் முன்னால் நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓடி வந்து, ஜன்னல் வழியாக ஒரு துணிப்பையை நீட்டினாள். "சித்தப்பா, அம்மா உங்ககிட்ட குடுத்துட்டு வரச் சொன்னாங்க. அப்பாவோடது." அதற்குள் பஸ்காரன் ஹாரன் அடித்துவிட்டான். பையைப் பிரிப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. ஈரம் பட்டுக் காய்ந்த கித்தான், சலவை சோப்பு, அடியில் லேசாக ஆஸ்பத்திரி மருந்து. உள்ளே உங்கள் இரண்டு கித்தான் வார்கள், இஸ்திரி போட்டதுபோல மடித்து வைக்கப்பட்டிருந்தன.

ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன் கழுத்துக்குப் பின்னால் போட்டு, இரண்டு முனையையும் கைப்பிடிகளில் கோர்த்துக்கொள்கிற வார். கை சோர்ந்தாலும் தோள் தாங்கும் என்பீர்கள். ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். சீட்டுக்காக நின்றிருந்த லாரி டிரைவர் சிரித்தான். "இன்னா பாய், காலைலயே மாட்டுக் கயித்த மாட்டிக்கினு குந்திகினுகீற?" எனக்கு வந்த கோபத்தில் அவனைக் கால் மணி நேரம் காக்க வைத்தேன். நீங்கள் இருந்திருந்தால், "பாவம், லோடு போவணும், உட்ரு நைனா" என்று சொல்லியிருப்பீர்கள். நீங்கள் இல்லை. அதனால் இன்னும் ஐந்து நிமிஷம் சேர்த்துக் காக்க வைத்தேன்.

நம் கம்பெனிக்கு நீங்கள் செக்யூரிட்டியாக வந்து சேர்ந்தபோது எனக்கு நாற்பது வயசு. உங்களுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. பட்டாளத்தில் இருந்தவர், எழுபத்தோராம் வருஷத்துச் சண்டையில் மெடல் வாங்கியவர் என்று உங்களுக்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது. முறுக்கு மீசையும் உறுமலுமாக ஒருவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் ஒல்லியாக, கொஞ்சம் கூன் விழுந்த தோளோடு, வரப்பில் நடக்கிறவர்போலக் காலடியைப் பார்த்துப் பார்த்து வந்தீர்கள். யாரைப் பார்த்தாலும் நைனா. மேனேஜரும் நைனா, கேட்டில் படுத்திருக்கும் நாயும் நைனா.

"மிலிட்டரி, எத்தினி பேர சுட்ட?" என்று முதல் நாளே கிரேன் ஆபரேட்டர் கேட்டான்.

"நா பேண்டுல பெரிய டிரம் அடிச்சேன் நைனா. சண்டை வந்துச்சுன்னா பேண்டுகாரங்க டிரம்ம கீழ வச்சுட்டு ஸ்ட்ரெச்சர தூக்கணும். அத்தான் எங்க வேல."

அவனுக்குச் சப்பென்று போய்விட்டது. எனக்கும்தான், மறைப்பானேன். பேண்டு வாசிக்கிறவனுக்கு எதற்கு மெடல் என்று மத்தியானச் சாப்பாட்டில் பேசிச் சிரித்தோம். அந்த மெடலை ஒருவரும் பார்த்ததில்லை என்பது வேறு. சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி மேனேஜர் கேட்டார். "ஊட்ல இல்ல சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

நான் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். வாப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தால் மூன்றாவது வாடிக்கையாளரோடு சண்டை போட்டுவிடுவேன். பேரம் பேசத் தேவையில்லாத இடமாக எடைமேடை கிடைத்தது. உங்கள் கேட்டும் என் அறையும் ஒட்டி இருந்ததால் சாப்பாடு சேர்ந்துபோயிற்று. அண்ணி செய்த கீரைக் கடைசலை நான் தின்பேன், என் வீட்டு மீன் குழம்பை நீங்கள் ஊற்றிக்கொள்வீர்கள். என் வாய்த்துடுக்கைப் பொறுத்துக்கொண்ட ஒரே மனுஷர் அந்தத் தொழிற்பேட்டையில் நீங்கள்தான்.

முதலுதவி அறையில் பழைய ரிஜிஸ்டர்களுக்கு அடியில் ஒரு கித்தான் ஸ்ட்ரெச்சர் கிடந்ததை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். உளுத்துப்போன கழியை மாற்றினீர்கள், கிழிசலைத் தைத்தீர்கள். வார்கள் இல்லையென்று உங்கள் டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டாளத்து வார்களை எடுத்து வந்து மாட்டினீர்கள். சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிக் கேட் ஓரத்தில் காயவைத்தீர்கள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தனை குளியல் கிடையாது என்று நான் கிண்டல் செய்தேன். அதற்குத் தண்டனையாக என்னையே ஜோடி சேர்த்துக்கொண்டீர்கள். ஒரு சிமெண்ட் மூட்டையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, தளும்பத் தளும்ப ஒரு கிளாஸ் டீ. அதைக் கேட்டிலிருந்து ஜீப் நிற்கிற இடம்வரை தூக்கிப் போக வேண்டும். முன்னால் நான், பின்னால் நீங்கள். பத்தே அடியில் டீ கொட்டிவிட்டது.

"ஸ்டெப்பு சேத்துட்ட நைனா. ரெண்டு பேரும் ஒண்ணா கால வச்சா ஊஞ்சல் மாரி ஆடும். நீ எடது கால எடுத்தா நா வலது கால எடுக்கணும்."

"பேண்டுல இப்டியாணா கத்துக்குடுத்தாங்க?"

"பேண்டுல ஸ்டெப்பு தப்புனா ஒதை. ஸ்ட்ரெச்சர்ல ஸ்டெப்பு சேந்தா ஒதை. ரெண்டுத்தையும் இந்த ஒரே காலால கத்துக்கினேன். பெரிய பேஜாரு."

நாலாம் நாள் டீ கொட்டவில்லை. ஆறிப்போய், சிமெண்ட் தூசி மிதந்த அந்த டீயை எனக்கே பரிசாகக் கொடுத்துக் குடிக்க வைத்தீர்கள்.

மூட்டைக்குப் பதிலாக ஆளைப் படுக்கவைக்கலாம் என்றபோதுதான் தகராறு வந்தது. காலை முன்னால் வைத்துத்தான் தூக்க வேண்டும் என்றீர்கள். லோடிங் ஆட்கள் ஒருவரும் படுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். "கால முன்னாடி வச்சு தூக்கறதுக்கு நா இன்னா பொணமா?" என்று கிரேன் ஆபரேட்டர் எழுந்து நின்று கத்தினான்.

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "பின்னாடி வர்றவன் உன் மூஞ்சிய பாத்துக்கினே வரணும் நைனா. மூஞ்சி வெளுக்குதா, கண்ணு சொருகுதா, அத்த பாக்கறதுதான் அவன் வேல. பேச்சு குடுத்துக்கினே வரணும். பொணத்துக்கிட்ட யாரு பேசிக்கினு போறாங்க?"

யாரும் சமாதானம் ஆகவில்லை. கடைசியில் நான்தான் படுத்தேன். முன்னால் பிடிக்க மேனேஜரின் டிரைவர் மாட்டிக்கொண்டான். படுத்துக்கொண்டு பார்த்தால் உங்கள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. மூக்குத் துவாரமும் வெள்ளை மீசையுமாக, அதற்கு மேலே வானம். "இன்னா கொயம்பு இன்னிக்கி ஊட்ல?" என்று அந்தத் தலைகீழ் முகம் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நான் வஞ்சிரம் என்று பொய் சொன்னேன். அன்றைக்கு வெறும் ரசம்.

இப்போது அந்த ஆடி மாதத்து மத்தியானத்துக்கு வருகிறேன் அண்ணா. வராமல் தீராது.

கிரேனில் தொங்கிய கம்பிக்கட்டின் சங்கிலி அறுந்தது. கட்டு லாரியின் பக்கவாட்டில் விழுந்து, மேலே நின்றிருந்த லோடிங் ஆளைத் தூக்கி எறிந்தது. பிறகு உருண்டு வந்து என் இடது பாதத்தின்மேல் நின்றது. அந்த ஆள் பீகார்க்காரர். நாற்பது வயசிருக்கும், வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான், பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் கத்தினேன். எனக்குள் அப்படியொரு குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். உங்களைத்தான் கூப்பிட்டேன். நீங்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தீர்கள். என் காலை ஒரு பார்வை பார்த்தீர்கள். தோளிலிருந்த துண்டை உருவி என் முட்டிக்குக் கீழே இறுக்கிக் கட்டினீர்கள். கட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போனீர்கள்.

போவதற்கு முன் குனிந்து காதோரம் சொன்னீர்கள். "கத்து நைனா. கத்திக்கினே இரு. நிறுத்தாத."

அந்த பீகார்க்காரர் சுவரோரமாகத் தூங்குகிறவர்போலக் கிடந்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. அவரைத்தான் தூக்கினீர்கள். நூற்றெட்டு வண்டி வராத காலம் அது. கம்பெனி ஜீப்பில் ஒருவரைத்தான் படுக்கவைக்க முடியும். ஜீப் கேட்டைத் தாண்டிப் போனதை நான் மண்ணில் கிடந்தபடியே பார்த்தேன். நான்கு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர், பெயர் தெரியாத ஒருவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது கத்து என்று கேலி வேறு செய்துவிட்டுப் போகிறார். எனக்கு அப்படித்தான் பட்டது. ஜீப் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் என் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சொன்னார். எலும்பு கூழாகிவிட்டது, எப்போது வந்தாலும் இதுதான் என்று டாக்டர் சொன்னார். நான் கட்டில்காரரை நம்பினேன், என் கோபத்துக்கு அவர் பேச்சுதான் தோதாக இருந்தது. அந்த பீகார்க்காரருக்கு வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருந்ததாம். அரை மணி தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள். அது என் காதில் ஏறவே இல்லை.

மூன்றாம் நாள் நீங்கள் கஞ்சியோடு வந்தீர்கள். வார்டு முழுக்க ஆட்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன். "பழகுனவன உட்டுட்டு பேர் தெரியாதவன தூக்கிக்கினு போன. அவன தூக்குனா இன்னொரு மெடல் குடுப்பாங்க, என்ன தூக்குனா இன்னா கெடைக்கும்?" என்று கேட்டேன். உங்களை ஒருமையில் பேசியது அதுதான் முதலும் கடைசியும்.

நீங்கள் டிபன் கேரியரைக் கட்டிலுக்கு அடியில், யார் காலிலும் படாதபடி, தள்ளி வைத்தீர்கள். வெளியே போய்விட்டீர்கள். மறுநாள் வார்டு வாசல்வரை வந்தீர்கள். என் வீட்டுக்காரி போய் கேரியரை வாங்கிக்கொண்டாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. நான் இருந்த இருபத்தோரு நாளும் வந்தீர்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். கஞ்சியை மட்டும் குடிப்பேன், வெட்கம் இல்லாமல்.

வேலைக்குத் திரும்பியபோது கேட்டில் எழுந்து நின்றீர்கள். நீங்கள் என்னைத் தாண்டியதுபோல நான் உங்களைத் தாண்டிப் போனேன். அந்த பீகார்க்காரர் ஊருக்குப் போகும்முன் வந்து உங்கள் காலைத் தொட்டதையும், நீங்கள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் என் அறைக்கும் வந்து, பாஷை தெரியாமல், கும்பிட்டுவிட்டு நின்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருந்த கோபம் மொத்தமும் உங்கள் கணக்கில்தான் போயிற்று.

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கேட்டை மறித்து நின்றீர்கள். "நாளைக்கி ஆரணி வரைக்கும் வா. ஒரே ஒரு எடம். வந்து பாத்துட்டு அப்பறம் ஆயுசுக்கும் பேசாத, நா இன்னான்னு கேக்கல." ஏன் சரியென்றேன் என்று தெரியவில்லை. பேசாமல் இருந்து இருந்து எனக்கும் அலுத்துப்போயிருந்தது என்று நினைக்கிறேன்.

கவரைப்பேட்டையில் பஸ் ஏறி, ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம். ஆரணியில் ஆற்றுப் பக்கத் தெருவில் ஒரு வீடு. நெல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தவர், "வாங்கணா, எத்தினி நாளாச்சு" என்று உங்கள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சுவரில் ஒரு போட்டோ. யூனிபார்ம் போட்டவர், காது கொஞ்சம் பெரிசு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார். போட்டோ மாட்டிய ஆணியிலேயே, வெளுத்துப்போன நாடாவோடு ஒரு மெடல் தொங்கியது. ஓரத்தில் பொறித்திருந்த பெயரைக் கிட்டப் போய்ப் படித்தேன். உங்கள் பெயர்.

"இது எங்க அண்ணன் ஏழுமலை" என்று அவர் எனக்குச் சொன்னார். "இவரும் அவனும் ஒண்ணா பட்டாளத்துல சேந்தாங்க, ஒரே பேண்டு. ஸ்ட்ரெச்சர்ல முன்னாடி அவன், பின்னாடி இவரு. சண்டைல அவன் போய்ட்டான். இவரு மெடல குத்திக்கினு நேரா எங்க ஊட்டுக்கு வந்தாரு. எங்கம்மா ஆத்திரத்துல கேட்டுட்டாங்க. ஆபீசர தூக்குனா மெடல் குடுப்பாங்க, எம் புள்ளய தூக்குனா இன்னா கெடைக்கும்னு. இவரு சட்டைலேந்து மெடல கழட்டி அம்மா கைல வச்சுட்டு போய்ட்டாரு. அப்பறம் அம்மாவுக்கு மனசு ஆறல. சாவற வரைக்கும் வாரத்துக்கு ஒருவாட்டி அத்த விபூதி போட்டு தேய்ச்சிக்கினே இருந்தாங்க."

அவர் மோர் கொண்டுவர உள்ளே போனார். முப்பது வருஷத்துக்கு முன்னால் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் கேட்டதை, பாதிக் கால் போன நான் வார்டு நடுவில் உட்கார்ந்து மறுபடியும் கேட்டிருக்கிறேன். அந்தத் தாய்க்கு மகன் போன துக்கம். எனக்கு என்ன? நீங்கள் நெல் மூட்டையின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தீர்கள், என்னைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஆற்று மணலில் உட்கார்ந்தோம். நான் கேட்காமலே நீங்களாகச் சொன்னீர்கள். அந்தச் சண்டையைப் பற்றி நீங்கள் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"விடியகாலைல ஆரம்பிச்சுது நைனா. வயக்காடு. நம்மூர் மாரியேதான், நெல்லு அறுத்த தாளு. நடுவுல ஒரு வாய்க்கா. அந்தாண்ட அடிபட்டவங்க, இந்தாண்ட டாக்டரு. நானும் ஏழுமலையும் இடுப்புத் தண்ணில தாண்டி தாண்டி தூக்கிக்கினு வந்தோம். எத்தினி வாட்டின்னு எண்ணல. வாரு அறுத்து தோள்லாம் ரத்தம், அதுல எது என்னுது எது மத்தவங்களுதுன்னு தெரியல. மறுக்கா போவும்போது ஏழுமலைக்கு வயித்துல பட்டுடுச்சு. உழுந்துட்டு என் பேர சொல்லி கத்தறான். பத்தடி தள்ளி சேத்துல இன்னொருத்தன் சத்தமே இல்லாம கெடக்கறான். எங்களுக்கு கத்துக்குடுத்தது இன்னான்னா, கத்தறவனுக்கு மூச்சு கீது, சத்தம் இல்லாதவன மொதல்ல பாருன்னு. ஏழுமலையும் அத்த படிச்சவன்தான். இருந்தாலும் கத்துனான்."

"அந்த இன்னொருத்தருதான் ஆபீசரா?"

"மூஞ்சிலாம் சேறு. யாருன்னு எவன் கண்டான்? இன்னொரு ஜவான முன்னாடி புடிக்கச் சொல்லி தூக்கிக்கினு போனேன். டாக்டருகிட்ட போயி கழுவுனப்பறம்தான் ஆபீசர்னு தெரிஞ்சுது. அவரு பொழச்சிக்கினாரு." கொஞ்ச நேரம் மணலைக் கிளறினீர்கள். "வாய்க்கா தாண்டியும் ஏழுமலை சத்தம் கேட்டுக்கினுதான் இருந்துச்சு. திரும்பி ஓடியாறேன், பாதி வழில நின்னுப்போச்சு. கத்தறவனுக்கு கொஞ்சம் டைம் கீது நைனா. எவ்ளோன்னு எவனுக்கும் தெரியாது."

பிறகு என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "அன்னிக்கி ஜீப்பு கெளம்பி மெயின் ரோடு ஏறற வரைக்கும் காத உன் பக்கம்தான் வச்சிக்கினு போனேன். நீ கத்திக்கினே இருந்த. அதாலதான் என்னால போவ முடிஞ்சுது."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் நாக்கு நீளம், இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எட்டாது. பஸ் ஸ்டாண்டில் உங்களுக்கு நாலு போண்டா வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் இரண்டைத் தின்றுவிட்டு இரண்டை என் கையில் வைத்தீர்கள். பேச்சு அப்படித்தான் திரும்பியது.

அதன்பிறகு ஐந்து வருஷம். தினமும் வேலை முடிந்து கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம்வரை என்னோடு நடப்பீர்கள். நான் நொண்டி நடக்கிறதை நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஆரம்பத்தில் எனக்குக் கூச்சம். ஒருநாள் கவனித்தேன், என் கால் இழுத்து விழுகிற அதே தாளத்தில் உங்கள் காலும் விழுகிறது. "இன்னாணா, என்ன கிண்டல் பண்றீங்களா?" என்று சீறினேன். "பேண்டுல ஸ்லோ மார்ச்னு ஒண்ணு கீது நைனா. அத்த விட நீ வேகமாத்தான் நடக்கற" என்றீர்கள். இன்னொரு நாள் அதையே மாற்றிச் சொன்னீர்கள். "ஸ்ட்ரெச்சர் தூக்கறதுக்கு இப்பதான் நீ சரியான ஆளு. உன் காலு எவன் காலோடயும் சேராது."

நீங்கள் வேலையிலிருந்து நின்றபோது கம்பெனி புது ஸ்ட்ரெச்சர் வாங்கியிருந்தது. பழையதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பழவேற்காட்டு இறால் வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவேன். அப்படி வந்த ஒரு ஐப்பசி ஞாயிறுதான் அது. இரண்டு நாள் பெய்த மழை அன்றுதான் விட்டிருந்தது. அடிபம்பில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தீர்கள். அண்ணி அலறினார். நீங்கள் ஒரு சத்தமும் போடவில்லை. கண் திறந்திருந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

நூற்றெட்டு வண்டி வந்துவிட்டது, ஆனால் தார் ரோடு வரைக்கும்தான். வயலுக்கு நடுவே இருக்கும் உங்கள் வீட்டுக்கு வரப்பு ஒன்றுதான் வழி. சக்கரம் வைத்த அவர்கள் படுக்கை சேற்றில் உருளாது. நான் உள்ளே போய்ப் பரணிலிருந்து உங்கள் ஸ்ட்ரெச்சரை இறக்கினேன். வார் மாட்டியே இருந்தது. முன்னால் வண்டி டிரைவர், பின்னால் நான். காலை முன்னால் வைத்துத் திருப்பியதும் உங்கள் சொந்தக்காரர்கள் கத்தினார்கள். "உசுரோட இருக்கற மனுசன கால முன்ன வச்சு தூக்கறியே பாய்!" அண்ணிதான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதட்டினார். "அவரு எப்டி தூக்கச் சொல்வாரோ அப்டியே தூக்குங்க தம்பி. யாரும் நடுவுல பேசாதீங்க."

"ஸ்டெப்பு சேராம நடக்கணுமா பாய்?" என்று டிரைவர் கேட்டான், அவனுக்கும் அது தெரிந்திருந்தது. "நீ உன் பாட்டுக்கு நட. எங் காலு தானா சேராது" என்றேன்.

வரப்பில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன் அண்ணா. என் முகம் உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கும். பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, "இன்னா கொயம்புணா இன்னிக்கி ஊட்ல?" என்று கேட்டேன். கண் அசைந்தது. இறால் வாங்கி வந்ததைச் சொன்னேன். நெல் பால் பிடித்திருப்பதைச் சொன்னேன். சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், பாதி வரப்பு மீதி இருந்தது. நிறுத்தக் கூடாது. அப்போதுதான் அது வந்தது. "ணா, ஆஸ்பத்திரில வச்சு மெடலு மயிருன்னு பேசுனேன்ல. தப்புணா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஆரணில சொல்லியிருக்கணும். போண்டா வாங்கிக் குடுத்து ஏமாத்திட்டேன். மன்னிச்சிக்கோங்கணா." அழுதுகொண்டே சொன்னேன், கை இரண்டும் கழியில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. மூக்கு ஒழுகி உங்கள் சட்டைமேல் சொட்டியது. உங்கள் இடது கை ஸ்ட்ரெச்சர் கழிமேல் கிடந்தது. அதன் விரல்கள் கழியைத் தட்டின. மெதுவாக, ஒரே சீராக, என் நொண்டிக் கால் விழுகிற தாளத்தில். நரம்பு துடிப்பு என்று டாக்டர் சொல்லக்கூடும். அதனால் நான் அவரிடம் கேட்கவில்லை.

ஒன்பது நாள் இருந்தீர்கள். பேச்சு திரும்பவில்லை. பாடையில் தோள் கொடுக்க உங்கள் சொந்தக்காரர்களே என்னைக் கூப்பிட்டார்கள். பின்பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேளத்துக்கு எல்லார் காலும் சேர்ந்து விழுந்தது, என்னுடையது மட்டும் தனியாக. சுடுகாடுவரை உங்களோடு பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் வந்தவர்கள் பாய்க்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

வார்களை நாளைக்குக் கழுவிக் காயவைக்கிறேன், நாளை சனிக்கிழமை. செக்யூரிட்டி அறையில் புதிதாக வந்திருக்கிறவர்களிடம் டீ கிளாஸை வைத்து ஆரம்பித்திருக்கிறேன். நாலு பேரும் கொட்டினார்கள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்கள் பொறுமை எனக்கு வரவில்லை, வார் மட்டும்தான் வந்திருக்கிறது.

இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறாயே, யார் படிக்கப்போகிறார்கள் என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வேன். அன்றைக்கு மண்ணில் கிடந்தவனிடம் குனிந்து ஒன்று சொல்லிவிட்டுப் போனீர்களே, அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் தாண்டிப் போங்கள் அண்ணா. எவ்வளவு தூரம் போனாலும் காதை மட்டும் என் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான் கத்திக்கொண்டேதான் இருக்கிறேன், நிறுத்தவில்லை.

உங்கள்
காதர்